பெரிய பெர்கஸிலிருந்து நான்காவது

இந்த மேஜையின் பின்கால் ஒன்று சற்றுக் குட்டை. காவலரிடம் ஒரு ஓட்டுச் சில்லு வாங்கி அடியில் செருகிவிட்டேன். இப்போது எழுத வசதியாக இருக்கிறது. கஞ்சியும் சூடாகவே வருகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீதிபதி ஐயா. மிரட்டி எழுதி வாங்கியது என்று நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது அல்லவா.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொன்னீர்கள். அது எனக்குக் கஷ்டமில்லை.

என் பெயர் நினியன் ஸ்பென்ஸ். கார்ஸ்கெல் கோட்டையில் கில்பர்ட் பிரபுவிடம் பதினெட்டு ஆண்டு எழுத்தராக இருந்தேன். நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். லத்தீனில் ஒரு விகுதி தப்பினால் அங்கே விரல் கணுவில் பிரம்படி விழும். என்னோடு படித்தவர்களின் கைகளை இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். என் விரல்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கணுவிலும் தழும்பு கிடையாது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பிரபுவுக்கும் எகிடியா அம்மையாருக்கும் கல்யாணம் பேசினார்கள். நம் பக்கத்துப் பிரபுக்கள் குடும்பமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. உறவில்லாத பெண்தான் வேண்டும் என்றால் கடல் தாண்டி நார்வேயில் போய்த் தேட வேண்டும். நான்கு தலைமுறைக்குள் இரத்த உறவு இருந்தால் திருச்சபை மணமுடிக்க விடாது. மீறி முடிக்க ரோமாபுரியின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கிற கடிதத்தில், பொதுவான மூதாதை யார், அவரிலிருந்து மாப்பிள்ளை எத்தனையாவது, பெண் எத்தனையாவது என்று எண் போட்டு எழுத வேண்டும். உள்ளதைவிடத் தள்ளிப்போன உறவாக எழுதிவிட்டால் வருகிற அனுமதி செல்லாது. அனுமதி செல்லாவிட்டால் கல்யாணம் கல்யாணமில்லை, பிறக்கிற பிள்ளைக்கு வீட்டிலும் நிலத்திலும் உரிமை இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வரிசைக்காக எழுதுகிறேன்.

நான் இரண்டு வீட்டிலும் நேரில் போய்க் கேட்டேன். பிரபுவின் வீட்டில், பெரிய பெர்கஸிலிருந்து பிரபு நான்காவது தலைமுறை என்றார்கள். அம்மையாரின் வீட்டில் அவர் தந்தையார், "பெரிய பெர்கஸ்லருந்து எம் பொண்ணு மூணாவது. சந்தேகம்னா என்னை ஒண்ணு, எங்கம்மாவை ஒண்ணுன்னு எண்ணிக்கய்யா" என்றார். எண்ணினேன். நான்கும் மூன்றும் என்று எழுதினேன். கப்பலில் போன கடிதம் பதினோரு மாதத்தில் அனுமதியோடு திரும்பி வந்தது. கல்யாணம் நடந்தது. மரியோட்டா பிறந்தாள். பதினோரு வயதாகிறது, ஒரே பிள்ளை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு வேலையாக அம்மையாரின் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். அவர்கள் குடும்பக் கோயிலின் தரையில் ஒரு கல்லறைப் பலகை கிடந்தது. என் உயரத்துக்கு மேல் ஒரு முழம் நீளம். யாருடையது என்று மணியடிப்பவரைக் கேட்டேன்.

"பெரிய பெர்கஸ், ஐயா. ஆளு ஏழடி. பெட்டியில அடங்கலைன்னு காலை மடக்கலாமான்னு கேட்டாங்களாம். கட்டினவ விடலையாம்."

குனிந்து கல்லில் இருந்ததைப் படித்தேன். பெர்கஸின் மகன் பெர்கஸ் என்று வெட்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அப்பாவும் பெர்கஸ், மகனும் பெர்கஸ். மகனுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்தின் வழியில் வந்தவர் எங்கள் பிரபு. அந்த வீட்டில் 'பெரிய' என்றால் மூத்தவர், அதாவது அப்பா. இளைய தாரத்தின் வழியில் வந்தவர் அம்மையார். அந்த வீட்டில் 'பெரிய' என்றால் ஆள் பெரியவர், அதாவது மகன். ஒரு வீட்டில் அப்பாவிலிருந்து எண்ணினார்கள், இன்னொரு வீட்டில் மகனிலிருந்து. உண்மையில் ஏழடி பெர்கஸ் இருவருக்குமே கொள்ளுத்தாத்தா. நான்கும் மூன்றும் அல்ல, மூன்றும் மூன்றும்.

மணியடிப்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மழைக்கு முன் கிளம்பினேன். பிறகு ஆறு ஆண்டுகள் இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இந்தச் செப்டம்பரில் அம்மையாரின் தந்தையார் காலமானார். அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். பிரபுவின் தம்பி உக்ட்ரெட்டும் வந்திருந்தார். தந்தை ஒருவர்தான், தாய் வேறு. மரியோட்டா இல்லாவிட்டால் கார்ஸ்கெல் அவருக்குத்தான் போகும் என்பதை அவர் எப்போதும் மறந்தவரில்லை. பூசை முடிந்து வெளியே வரும் வழியில் பிரபு அந்தப் பலகையில் கால் தடுக்கி நின்று, குனிந்து படித்தார்.

"இவரு எங்க இங்க வந்து படுத்தாரு? இது எங்க தாத்தாவோட அப்பா ஆச்சே."

"உங்க தாத்தாவோட அப்பாவா? நல்லா இருக்கு. இவரு எங்க பாட்டியோட அப்பா. இவரைத்தானே பெரிய பெர்கஸ்ங்கறோம்" என்றார் அம்மையார்.

"பெரிய பெர்கஸ் இவரைப் பெத்தவரு, எகிடியா."

"ஆளோட நீளத்தைப் பாருங்க. இவரை விடப் பெருசா ஒரு பெர்கஸை எங்கருந்து கொண்டுவரப் போறீங்க?"

பிரபு சிரித்தார். அம்மையாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருவரும் விரல் மடக்கி எண்ணினார்கள். மூன்றாவது விரலில் சிரிப்பு நின்றது.

பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற உக்ட்ரெட், "அப்ப அண்ணி நமக்கு ரொம்பக் கிட்டத்து சொந்தம்தான் போலருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

திரும்பி வர இரண்டு நாள் பயணம். மூன்றாம் நாள் காலையில் பிரபு கூப்பிட்டார். அம்மையாரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் திட்டவில்லை. அதை இங்கே சேர்ப்பது நியாயம்.

"பதினெட்டு வருஷத்துல ஒரு தப்பு. என் குதிரை வருஷத்துக்கு நாலு தடவை இடறுது. அதை நான் வித்துட்டனா?" என்றார்.

வழி அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. ரோமாபுரிக்கு இன்னொரு கடிதம். அனுமதி வரும்வரை இருவரும் பிரிந்திருக்க வேண்டும். அம்மையார் கழிமுகத்துக்கு அக்கரையில் உள்ள கன்னியர் மடத்தில் ஒரு வருஷம் தங்குவார். அனுமதி வந்ததும் கோயிலில் மறுபடியும் மணவாக்குக் கொடுப்பார்கள். மணமக்கள் தலைக்கு மேல் பிடிக்கிற போர்வைக்குள் பிள்ளையையும் நிறுத்தினால், அந்தப் பிள்ளை முறையாகப் பிறந்த பிள்ளை ஆகிவிடும். நாட்டில் எத்தனையோ பெரிய வீடுகளில் இப்படி நடந்திருக்கிறது.

"அவ இப்பவே எந்தோளுக்கு வந்துட்டா. போர்வை பத்தாது, கம்பளிதான் நெய்யணும்" என்றார் அம்மையார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

பிரபு சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். கடைசியில் அவர், "ஒரு வரி சேத்துக்க. நாங்க தெரிஞ்சு செய்யலை, எழுத்தரின் பிழையால் இப்படி ஆச்சுன்னு" என்றார்.

"பெரியோர் சொன்ன கணக்கின்படி என்று எழுதினால் போதாதா, பிரபு?" என்று கேட்டேன்.

"போதாது. அப்படிப் போட்டா, சொன்ன நாங்கதான் மறைச்சோம்னு ஆயிடும். உக்ட்ரெட் அதைத்தான் பிடிச்சுத் தொங்குவான். நாங்க வெள்ளை மனசோட கட்டிக்கிட்டோம்னு இருந்தாத்தான், எனக்கு நாளைக்கே ஒண்ணு ஆனாலும், பொண்ணுக்குப் பங்கம் வராது. அவ வாழ்க்கைடா இது, நினியா. உனக்கு ஒரு சொல்லுதானே."

ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லை மூன்று படிகளில் எழுத வேண்டியிருந்தது. ஒன்று ரோமாபுரிக்கு, ஒன்று ஆயர் இல்லத்துக்கு, ஒன்று எங்கள் கடிதப் புத்தகத்துக்கு. கடிதப் புத்தகம் கன்றுத் தோலில் கட்டியது. நாமெல்லாம் மண்ணோடு மண்ணான பிறகும் அது இருக்கும். நான் மறுக்கவில்லை. ரோமாபுரிக்கும் ஆயருக்கும் உரிய இரண்டு படிகளையும் எழுதினேன், எழுத்தும் நன்றாகவே வந்திருந்தது. புத்தகத்தில் படியெடுக்க மட்டும், மை காய நேரம் வேண்டும் என்று மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

மரியோட்டாவின் நன்மைக்காகவே நான் யோசித்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பிழை என்று ஒப்புக்கொண்ட கடிதம் எதிரியின் கையில் கொடுக்கிற கத்தி. ரோமாபுரிப் பதில் வர ஒரு வருஷம், வராமலும் போகலாம். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் கல்யாணத்தைத்தான் கேள்வி கேட்க முடியும், செத்தவர்களின் கல்யாணத்தைக் கிளறுவதை நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. இதை நான் படித்திருக்கிறேன். அன்று இராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இப்போது சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கார்ஸ்கெல்லிலிருந்து மடத்துக்குப் போக, கழிமுகத்தின் மணலில் ஒன்றரை மணி நேரம் குதிரையை நடத்த வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது வழி. ஏறினால் வழியில்லை. எங்கள் கடல் ஓடிவருகிற குதிரையை விட வேகமாக ஏறும். நிலாவின் வயதை வைத்து, எத்தனை மணிக்குள் அக்கரை ஏறிவிட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு, தினமும் காலையில் ஒரு சீட்டில் அந்த எண்ணை எழுதி வாயில் கதவில் ஒட்டுவேன். பதினெட்டு ஆண்டுகளாக அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சுற்று வட்டாரமே மணலில் இறங்கும்.

அம்மையாரை மடத்தில் விட்டுவரப் பிரபு அடுத்த நாளே கிளம்பினார். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். கணக்குப்படி நண்பகல் பன்னிரண்டுக்குள் அக்கரை ஏறிவிட வேண்டும். சீட்டில் நான் மூன்று என்று எழுதினேன்.

அவசரம் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று நான்தான் சொன்னேன். சீட்டின்படி நேரம் இருந்தது. உப்புப் போட்ட சால்மன் மீனும் ஓட்ஸ் ரொட்டியும் சாப்பிட்டார்கள். அம்மாவோடு மடம்வரை போய் வருவேன் என்று மரியோட்டா அடம்பிடித்தாள். அவளுக்கு இருமல் இருக்கிறது, பனியில் போகக் கூடாது என்று சொல்லி நிறுத்திவைத்தேன். இருமல் பெரிதாக ஒன்றும் இல்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் குழந்தை மேல் அக்கறை இல்லை என்று உங்கள் எழுத்தர் அன்று சொன்னது தவறு.

அவர்கள் கிளம்பியபோது மணி பதினொன்று. மணல் மேல் பனிமூட்டம் கவிந்திருந்தது. வாயில்காப்போன் கட்பெர்ட் கதவைத் திறக்காமல் நின்றான்.

"வாத்தெல்லாம் கரைப் பக்கமா நகருது பிரபு. எனக்கென்னமோ சரியாப் படலை. நாளைக்குப் போனா என்ன?"

பிரபு சீட்டைப் பார்த்தார். "வாத்து சொல்றதைக் கேக்கவா, நினியன் எழுதினதைக் கேக்கவா? கதவைத் திற, கட்பெர்ட்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கடிதத்தின் இரண்டு படிகளும் சேணப் பையில் இருந்தன, முத்திரை வைத்து, மெழுகுத் துணியில் சுற்றி. மெழுகுத் துணியை நானே தைத்திருந்தேன். பிரபு குனிந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மூட்டத்துக்குள் நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம் அம்மையாரின் குரல் கேட்டது, எதற்கோ பணிப்பெண்ணைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நான் மேலே போய் எழுதுகிற இறகுகளைச் சீவிவைத்தேன்.

பிரபு, அம்மையார், பணிப்பெண், குதிரைக்காரர் இருவர். அவர்கள் இறங்குவதைப் பார்த்து, சீட்டையும் பார்த்து, பின்னாலேயே இறங்கிய உப்புச் சுமக்கும் புருஷன் பெண்டாட்டி. மொத்தம் ஏழு. உப்புக்காரர்களின் பெயர் விசாரணையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அவர் ஆடம் கிரீ, மனைவி பெத்தக். விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறேன். அப்படி யாராவது குறித்துவைக்க வேண்டும்.

குதிரைகள் இரண்டு நாளில் கரை ஒதுங்கின. சேணப் பை ஒதுங்கவில்லை.

அடுத்த மாதமே உக்ட்ரெட் உங்கள் முன் வழக்கு வைத்தார். அண்ணனுடைய கல்யாணம் செல்லாது, பெண் முறைப்படி பிறந்தவள் அல்ல என்றார். செத்தவர்களைக் கிளற மாட்டார்கள் என்று நான் நம்பியது பலிக்கவில்லை. நீங்கள் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். மணமுடிக்கும்போது அவ்விருவருக்கும் உண்மை உறவு தெரியுமா? தெரியாமல் வெள்ளை மனதோடு முடித்திருந்தால் பிள்ளைக்குப் பங்கம் இல்லை. எழுதிய எண்ணைப் பற்றி எழுத்தர் சொல்லட்டும் என்றீர்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறி, நான் கேட்டதை எழுதினேன், கணக்கைச் சொன்னவர்கள் அவர்கள், எந்த பெர்கஸ் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும் என்று சொன்னேன். மரியோட்டா முன்வரிசையில் இருந்தாள். பத்து நாளில் கார்ஸ்கெல் உக்ட்ரெட்டுக்குப் போனது. அவளை மடத்துக்கு அனுப்பினார்கள், தந்தையின் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற உத்தரவோடு. உக்ட்ரெட் கோட்டைக்குள் நுழையும்போது என்னைப் பார்த்து, "எழுத்தரே, உம்ம மாதிரி நாலு பேரு இருந்தா எனக்கு வாளே வேணாம்யா" என்றார். அவருக்காக நான் எதுவும் செய்யவில்லை. அவரிடம் எதுவும் வாங்கவும் இல்லை.

என்னைப் பிடித்தது எப்படி என்பது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் வரிசைக்காக எழுதுகிறேன். கட்பெர்ட் படிக்கத் தெரியாதவன். ஆனால் அன்றைய சீட்டைக் கதவிலிருந்து கிழித்தெடுத்துப் பத்திரமாக வைத்திருந்தான். அதை உங்களிடம் கொண்டுவந்தான். கடல் ஏறும் நேரத்தை நாள்தோறும் நான் குறித்துவைக்கிற ஓதக் கணக்குப் புத்தகத்தை நீங்கள் வரவழைத்து, அந்தத் தேதிக்கு நேரே பார்த்தீர்கள். சீட்டில் மூன்று, புத்தகத்தில் பன்னிரண்டு. புத்தகத்திலும் மூன்று என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பாயே, ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். அப்போது எனக்குக் கேள்வியே புரியவில்லை. புத்தகத்தில் எப்படி ஐயா தவறாக எழுத முடியும்?

போன வாரம் மரியோட்டாவை இங்கே அழைத்துவர அனுமதித்தீர்கள். நன்றி. முடியைக் கத்தரித்திருந்தார்கள். பெற்றோரைப் பற்றிக் கேட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

"அப்ப தப்பு உங்களோடதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன். அவங்க போனதுக்கு நான் எதுவும் கேக்கலை. அந்த ஒரு வரி போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கன்னியர் வந்து கூட்டிப் போனார்கள்.

யோசித்தேன், ஐயா. அந்த வரியை நீங்களே எழுதி, இந்தத் தாளின் கீழே எனக்காக இடம் விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். 'உறவின் எண்ணிக்கை எழுத்தராகிய என் பிழையால் தவறாக எழுதப்பட்டது, மணமக்கள் அறியார்.' கையெழுத்திட்டால் அவளுக்குப் பெயரும் கார்ஸ்கெல்லும் திரும்பக் கிடைக்கும், இடாவிட்டால் அவள் மடத்திலேயே இருக்க வேண்டியதுதான், என் தண்டனை இரண்டு விதத்திலும் ஒன்றே என்று மறைக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

ஆகவே, ஏழு பேரையும் கொன்றது நான்தான் என்று மேலே உள்ளது அனைத்துக்கும் கீழே என் முழுப் பெயரைப் போட்டிருக்கிறேன். உங்கள் வரியை மட்டும், அளவுகோல் வைத்து, ஒரே கோடாக அடித்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்காக நான் எதையும் செய்வேன், ஆனால் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட முடியாது. பெரிய பெர்கஸிலிருந்து நான்காவது என்றார்கள், நான்கு என்று எழுதினேன். பெரிய பெர்கஸிலிருந்து மூன்றாவது என்றார்கள், மூன்று என்று எழுதினேன். பதினெட்டு ஆண்டுகளில் நான் தவறாக எழுதிய எண் ஒன்றே ஒன்று, அதுவும் தெரிந்தே எழுதியது.